மார்சேலியின் சாம்பல் கோட்டு

கண் முன்னால் ஒரு குழந்தையை ஏலம் விட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். வடக்கே எங்கள் ஹெல்கெலாந்துக் கடற்கரையில் ஒரு காலத்தில் அந்த ஏலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கொடியவர்கள் அல்லர். சாப்பிடுமுன் கைகூப்புகிறவர்கள். வாசலுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதவர்கள். அவர்கள்தான் ஆராதனை முடிந்த கையோடு ஆலய மதிலோரம் கூடி நின்று, பிள்ளைகளின் பல்லையும் கைகாலையும் பார்த்தார்கள்.

அந்த ஏலம் தலைகீழ் ஏலம். ஆதரவற்ற பிள்ளையை வளர்க்க ஊர் நிதியிலிருந்து பணம் தருவார்கள். ஆகக் குறைவாகக் கேட்கிறவர் வீட்டுக்குப் பிள்ளை போகும். அடுத்த வருடம் இன்னொருவர் அதைவிடக் குறைவாகக் கேட்டால், துணிமூட்டையோடு அங்கே போகும். இதற்கு ஊர் வைத்திருந்த பெயர் தருமம்.

மார்சேலி அப்படித்தான் வீடு வீடாகப் போனாள். அவள் அம்மா கல்யாணம் ஆகாமலே அவளைப் பெற்றவள். பெற்றுச் சில வருடத்தில் நெஞ்சுநோயில் போய்விட்டாள். அப்பன் யாரென்று ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து வயதுக்குள் அந்தப் பெண் பார்த்த அடுப்பங்கரைகள் பல. ஒவ்வொன்றிலும் எந்த மூலையில் படுத்தால் யார் காலிலும் மிதிபட மாட்டோம் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவாள்.

லிங்வேர் தீவின் ஹார்ட்விக் அவளை எடுத்ததற்குக் காரணம் இரக்கமில்லை. அவர் மனைவி டோர்த்தேயாவுக்கு முழங்கால் வலி. லிங்வேரின் வருமானமோ ஈடர் என்னும் கடல்வாத்துகளின் தூவியில் இருந்தது; போர்வைக்குள் அடைக்க அது நல்ல விலைக்குப் போகும். வசந்தம் தொடங்கும்போது அந்தக் காட்டுப் பறவைகள் கடலிலிருந்து ஏறி வரும். அவற்றுக்காகக் கல் அடுக்கிச் சிறு அறைகள் கட்ட வேண்டும், உடைந்த படகுகளைக் கவிழ்த்துப் போட வேண்டும், உள்ளே காய்ந்த கடற்பாசியைப் பரப்பி மெத்தை போட வேண்டும். பறவை வந்து, பார்த்து, பிடித்திருந்தால் உட்காரும். தன் மார்புத் தூவியைப் பிடுங்கிக் கூட்டில் போட்டு முட்டையை மூடும். குஞ்சுகளோடு கடலுக்குப் போனபின் அந்தத் தூவி நமக்கு. இதற்கெல்லாம் குனிந்து, தவழ்ந்து, நுழைய வேண்டும். சின்ன உடம்பு தேவைப்பட்டது.

"சாப்பாடு இருக்கு, படுக்கை இருக்கு" என்றார் ஹார்ட்விக் படகிலேயே. "அடுத்த வருஷமும் நீ இங்க இருக்கறதும் இல்லாததும் என் கையில இல்ல. பறவைங்க உன்னை ஏத்துக்கிட்டா இரு. ஏத்துக்கலைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் கேட்டதில் "இரு" என்ற சொல் மட்டும்தான் நின்றது. அதுவரை யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

ஹார்ட்விக் தூக்கிப் போட்ட பழைய கம்பளிக் கோட்டு ஒன்று கிடந்தது, மழையில் நனைந்த பாறை நிறத்தில். கையை மடித்துவிட்டு அதை மாட்டினால் அவளுக்குக் கணுக்கால் வரை வந்தது. குளிர்காலம் முழுக்க அதில்தான் இருந்தாள், பாசி உலர்த்தியதும் கல் சுமந்ததும் அதில்தான். ஏப்ரலில் முதல் பறவைகள் கரையேறியபோதும் அதைத்தான் போட்டிருந்தாள்.

அந்தக் காலத்தில் தீவே குரலை இறக்கிக்கொள்ளும். நாயைக் கட்டிப் போடுவார்கள். சுத்தியல் சத்தம் கிடையாது. வேற்றாள் யாரும் கரையிறங்கக் கூடாது. மெதுவாக நடக்க வேண்டும், பறவையைக் கண்ணுக்கு நேர் பார்க்கக் கூடாது. மார்சேலிக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறர் வீட்டில் இருப்பது எப்படி என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

பறவைகளில் ஒன்று மட்டும் கூட்டத்தோடு சேராமல் மீன் புகைபோடும் குடிலின் சுவரடியில் வந்து உட்கார்ந்தது. கனத்த உடம்பு, மெதுவான நடை, யாரையும் மதிக்காத பார்வை. மார்சேலி அதற்குப் 'பாதிரியாரம்மா' என்று பெயர் வைத்தாள்.

"அடியே, பாதிரியார் காதுல விழுந்தா நம்ம வீட்டுச் சாவுக்கு மணியே அடிக்க மாட்டார்" என்றாள் டோர்த்தேயா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அவங்களும் இப்படித்தானே நடப்பாங்க, டோர்த்தேயாம்மா?"

"நடப்பாங்கதான். அதுக்காகச் சொல்லிடறதா?"

மார்சேலி தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் தின்பாள். முதலில் பாதிரியாரம்மா சீறியது. பிறகு கழுத்தை மட்டும் நீட்டியது. பிறகு அதுவும் இல்லை. ஒரு நாள் அவள் மெதுவாகக் கையை அதன் வயிற்றுக்கடியில் விட்டாள். அங்கே இருந்த சூட்டை அவள் அதற்குமுன் எந்த வீட்டிலும் உணர்ந்ததில்லை. முட்டைகள் அவள் விரல்களில் உருண்டன. பறவை கொஞ்சம் எழுந்து, அவள் கையையும் சேர்த்து மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

அவள் அன்று சாப்பாட்டுக்கு நேரம் கழித்துத்தான் வந்தாள். யாரும் திட்டவில்லை. ஹார்ட்விக் அவளைப் பார்த்து, "ஏத்துக்குது போலிருக்கே" என்றார். அவள் கஞ்சிக் கிண்ணத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

பெந்தெகொஸ்தே திருநாள் வந்தது. டோர்த்தேயா தன் பெட்டியடியில் கிடந்த நீலத் துணியை எடுத்து, முழங்கால் வலியோடு உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்கு ஒரு பாவாடை சட்டை தைத்திருந்தாள். மார்சேலியின் வாழ்க்கையில் வேறொருவர் போட்டுக் கழிக்காத முதல் துணி அது. அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். மாட்டிக்கொண்டதும் கழற்ற மனம் வரவில்லை. காலையில் கூடுகளைப் பார்த்து வரும் சுற்று அவளுடையது. நீலத் துணியோடு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, பறவைத் திடலுக்குப் போனாள்.

படகு நிழலில் இருந்த முதல் பறவை விருட்டென்று எழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு மூச்சுக்குள் திடல் முழுவதும் சிறகடித்துக் கடலைப் பார்த்துப் பறந்தது. மூடாமல் விட்ட முட்டைகள் வெயிலில் கிடந்தன. எங்கிருந்துதான் வந்தனவோ, அண்டங்காக்கைகளும் பெரிய கடற்காகங்களும் இறங்கின. மார்சேலி கத்திக்கொண்டே கையை வீசி ஓடினாள். ஓடிய இடத்திலெல்லாம் மிச்சமிருந்த பறவைகளும் எழுந்தன.

பண்ணையாள் மீக்கல் ஹார்ட்விக்கோடு வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"நான் அன்னைக்கே சொன்னேன். கல்யாணமில்லாம பொறந்த பிள்ளை. பறவைக்குத் தெரியும் ஐயா. மனுஷனை ஏமாத்தலாம், பறவையை ஏமாத்த முடியாது."

எவ்வளவு வசதியான விளக்கம்! காரணம் தேடும் சிரமம் இல்லை. பழியைச் சுமக்க ஒரு தலை தயாராக இருக்கிறது, அந்தத் தலைக்குப் பரிந்து பேச ஆளும் இல்லை. உலகமெங்கும் மூடநம்பிக்கை இளைத்தவன் வீட்டு வாசலில்தான் போய் உட்கார்கிறது. பணக்காரன் வீட்டுப் பிள்ளைக்குக் கைராசி இல்லையென்று எந்த ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

ஹார்ட்விக் அவளை அடிக்கவில்லை. ஒரு சுடுசொல்கூடச் சொல்லவில்லை. "திடல் பக்கம் இனிமே போகாதே" என்றார். அன்றே மீன்படகில் ஏழைநிதித் தலைவர் சக்கரியாஸுக்குச் சொல்லியனுப்பினார்: பெண்ணை வந்து கூட்டிக்கொண்டு போகவும்.

மறுநாளிலிருந்து சுற்று டோர்த்தேயாவுடையதாயிற்று. திரும்பி வந்து உட்கார்ந்த பறவைகள், எப்போதும் அவள் போர்த்தும் பழுப்புச் சால்வையைக் கண்டு அசையவில்லை. மார்சேலி அடுப்பங்கரைச் சன்னலில் நின்று பார்த்தாள். அழுது முடித்திருந்தாள். இப்போது யோசித்தாள்.

திருநாளன்று பாதிரியாரம்மா மட்டும் பறக்கவில்லை. நீலத் துணியோடு அழுதுகொண்டு போய்ப் பக்கத்தில் விழுந்தபோதும் அது உட்கார்ந்தேதான் இருந்தது. அதற்கு முந்தின நாள் வரை மற்றவையும் அப்படித்தானே இருந்தன? தன் அம்மா கல்யாணம் செய்யாதவள் என்பது அந்த முந்தின நாளும் உண்மைதான். பாவம் ராத்திரியோடு ராத்திரியாகவா வந்து ஒட்டியது? மாறியது எது?

பதில் ஆணியில் தொங்கியது.

விடிந்ததும் நீலச் சட்டையைக் கழற்றி வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு, தடையை மீறி, கவிழ்த்த படகுகளின் வரிசைக்குப் போனாள். பறவைகள் கழுத்தைத் திருப்பின. அவ்வளவுதான். ஒன்றும் எழவில்லை.

மூச்சிரைக்க ஓடிவந்து டோர்த்தேயாவிடம் சொன்னாள். கேட்டதும் டோர்த்தேயா காப்பிப் பாத்திரத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"துணியா? அட கடவுளே! வேலைத்துணி எங்கள்ல யாருக்கும் ஒண்ணுக்கு மேல இருந்ததில்லையேடி. கிழிஞ்சா ஒட்டுப் போடுவோம். மாத்தினாத்தானே பறவைக்குத் துணி தெரியும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கும்!" பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப தப்பு என்னோடது. ஆசைப்பட்டுத் தைச்சுக் கொடுத்தேனே, பாவி."

"தப்பு யாரோடதும் இல்ல, டோர்த்தேயாம்மா. தெரியல, அவ்வளவுதான். ஐயாகிட்ட சொல்லிடலாமா?"

டோர்த்தேயா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இங்க பாரு. துணிதான் விஷயம்னு சொன்னா அடுத்தது என்ன கேப்பாங்க? 'அப்ப கோட்டு போதுமே, பெண்ணு எதுக்கு'ன்னு கேப்பாங்க. அதைச் சொல்லாதே. சக்கரியாஸ் வரட்டும். நீ கோட்டைப் போட்டுக்கிட்டுத் திடலுக்குள்ள நடந்து காட்டு. பறவைங்க உன்னை மன்னிச்சிடுச்சுன்னு நான் சொல்றேன். வாயைப் பொளந்துகிட்டு நம்புவாங்க. உனக்கு ஏதோ வரம் இருக்குன்னு மீக்கலே ஊரெல்லாம் சொல்வான்."

அது அன்பினால் சொன்ன பொய். அந்தப் பெண்ணுக்கும் அது புரிந்தது.

"நாளைக்கு ஒரு நீர்நாய் வந்து பறவையைக் கலைச்சா? அப்பவும் என் தலையிலதானே விழும்? வரம் போயிடுச்சு, சாபம் வந்துடுச்சும்பாங்க. ஒவ்வொரு தடவையும் மன்னிக்கச் சொல்லிப் பறவைகிட்ட கேட்டுக்கிட்டே இருக்க முடியுமா?"

"அப்படின்னா உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களேடி!"

"தெரியும்" என்றாள். ஆனால் அவள் சொன்னதை மாற்றவில்லை.

சக்கரியாஸ் பெரிய தொந்தியும் வெள்ளிப்பூண் போட்ட புகைக்குழாயுமாக வந்திறங்கினார். மார்சேலி நீலச் சட்டைக்கு மேல் கோட்டும் துணிமூட்டையுமாக வாசலில் நின்றாள். ஹார்ட்விக் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒண்ணு காட்டணும்" என்றாள். கவிழ்த்த படகுகளின் வரிசையில் கோட்டோடு நடந்தாள். பறவைகள் அசையவில்லை. திரும்பி வந்து, துணியைப் பற்றிச் சொன்னாள்.

மீக்கல் சிரித்தான். "பாவம் ஒரு நாள் தூங்கும், ஒரு நாள் முழிச்சுக்கும். இன்னைக்குத் தூங்குது."

எந்தச் சான்றாலும் அசைக்க முடியாத பேச்சு அது. பெரிய பெரிய நூல்களிலும் இதே வித்தையைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் நீளம்தான் கூட. மார்சேலி அவனோடு வாதாடவில்லை. கோட்டைக் கழற்றினாள். சக்கரியாஸிடம் நீட்டினாள்.

"நீங்க போட்டுக்குங்க. நீங்க இதுக்கு முன்னாடி இந்தத் தீவுக்கே வந்ததில்ல. பறவை உங்களைப் பார்த்ததில்ல. உங்க அப்பா அம்மா சர்ச்சுல கல்யாணம் பண்ணவங்க."

"என்னம்மா இது, நிதித்தலைவனுக்கு வேஷம் கட்டறே?" என்றார் அவர். ஆனாலும் விளையாட்டில் ஆசை உள்ள மனிதர். கோட்டு தொந்தியில் மூடவில்லை. டோர்த்தேயா கயிறு கட்டிவிட்டாள்.

"வேற்றாளையா திடலுக்குள்ள விடறது?" என்று ஹார்ட்விக் குறுக்கே வந்தார்.

"அந்த ஒரு வரிசை மட்டும் ஐயா" என்றாள் மார்சேலி. சக்கரியாஸிடம் திரும்பினாள். "குழாயை இங்க வெச்சிட்டுப் போங்க. மெதுவா. குனிஞ்சு. பறவையை நேராப் பார்க்காதீங்க. பெரிய மனுஷன் வீட்டுக்குக் கடன் கேக்கப் போற மாதிரி போங்க."

"அது எனக்கு வராதே."

"எனக்கு வரும். இப்படி."

அவள் நடந்து காட்டியதைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றது. அவளைப் போலவே முதுகை வளைத்துக்கொண்டு போனார். முதல் படகு. இரண்டாவது. பறவைகள் அவரைப் பார்த்தன, அலகைத் திரும்பவும் தூவிக்குள் செருகிக்கொண்டன. வரிசை முடியும்வரை ஒரு சிறகும் விரியவில்லை.

மீக்கல் தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டிருந்தான்.

"சரிதான்!" என்று குரலை அடக்கி மகிழ்ந்தார் சக்கரியாஸ், ஏதோ தான் கண்டுபிடித்ததுபோல. "பிள்ளை மேல குத்தமில்ல. நானே சாட்சி." பிறகு, டோர்த்தேயா பயந்த அந்த அடுத்த வார்த்தையை அவர் இயல்பாகவே சொன்னார். "அப்ப ஹார்ட்விக், உனக்குக் கோட்டு போதும். பெண்ணை நான் கூட்டிட்டுப் போறேன். இவளுக்கு இன்னும் குறைச்சலாக் கேட்டு ஒருத்தன் காத்திருக்கான்."

டோர்த்தேயா கண்ணை மூடிக்கொண்டாள். மார்சேலி மூட்டையை எடுத்தாள்.

வெற்றிக் களிப்பில் இருந்த சக்கரியாஸ் போகிற போக்கில் புகைக்குடிலின் சுவரடியில் இன்னொரு பறவையைக் கண்டார். "இது என்ன, தனியா ஒரு அம்மா?" என்று குனிந்து, அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டார்.

பாதிரியாரம்மாவுக்குக் கோட்டு பொருட்டில்லை. அது எம்பியது, எம்பும்போதே ஈடர் வாத்து பயந்தால் செய்வதைச் செய்தது, எச்சத்தைப் பீச்சியடித்தது. அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். கை, சட்டைக் கழுத்து, மீசை. சக்கரியாஸ் வாயைத் திறக்கவும் பயந்து நின்றார்.

மார்சேலி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினாள். கோட்டில்லை, நீலச் சட்டையில் இருந்தாள். தரையில் உட்கார்ந்து, முட்டைகளின் மேல் தூவியை இழுத்து மூடி, கையை அங்கேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பறவை நீர்விளிம்பு வரை போனது, நின்றது, திரும்பியது. அதே கனத்த நடையில் வந்து, அவள் கையின் மேலேயே உட்கார்ந்தது.

டோர்த்தேயா புருஷன் பக்கம் திரும்பி அமைதியாகப் பேசினாள்.

"பறவைங்க ஏத்துக்கிட்டா இருக்கலாம்னு சொன்னீங்க. எத்தனை பறவைன்னு சொல்லலையே?"

ஹார்ட்விக் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஏத்துக்கலைன்னா மட்டும்?" என்றார் கடைசியில். "பத்து வயசுப் பிள்ளை வீட்டுல இருக்கலாமா வேண்டாமான்னு நான் வாத்துகிட்டயா கேட்டேன்? நான் சொல்ல வேண்டியதை அதுக தலையில கட்டிட்டு நிம்மதியா இருந்தேன்." சக்கரியாஸ் பக்கம் திரும்பினார். "தலைவரே, கிணத்தடியில தண்ணி இருக்கு. கழுவிட்டு, காப்பி குடிச்சிட்டுப் போங்க. பிள்ளை வரல. ஊர்ப் பணமும் வேண்டாம். எங்க பிள்ளையை வளர்க்க ஊர் எதுக்குக் காசு தரணும்?"

"சட்டப்படி நான் ஏலத்துல..." என்று தொடங்கினார் சக்கரியாஸ்.

"ஒண்ணுமே வேண்டாம்னு கேக்கறேன்யா. அதைவிடக் குறைச்சலா யார் கேக்கறான், கூப்பிடுங்க பார்ப்போம்!"

டோர்த்தேயா முதலில் சிரித்தாள். மீக்கலும் சிரித்துவிட்டான். மார்சேலி சிரிக்கவில்லை. கையை எடுத்தால் பறவை எழுந்துவிடும். அப்படியே உட்கார்ந்தபடி, "நான் மூட்டையை உள்ள வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் வைக்கறேன்" என்றான் மீக்கல். போய் எடுத்தான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் கடைசிவரை வரவில்லை. ஆனால் அடுத்த வசந்தத்தில், திடலுக்குப் போகும் யாரும் துணி மாற்றக் கூடாது என்று எல்லோரையும் அதட்டியவன் அவன்தான்.

மார்சேலி லிங்வேரிலேயே வளர்ந்தாள், அங்கேயே மணம் முடித்தாள். அவளைப் பற்றிச் செய்தித்தாளில் ஒரு வரி வந்ததில்லை. பிள்ளைகளை ஊர் பங்கிடும் நாளில் மட்டும், கடல் எப்படி இருந்தாலும் படகேறிப் போவாள். முன்வரிசையில் போய் நிற்பாள். ஒவ்வொரு பிள்ளைக்கும், "போன வீட்டுல இது என்ன சாப்பிட்டுது? எங்க படுத்துது? யார் போய்ப் பார்த்தீங்க?" என்று உரக்கக் கேட்பாள். பதில் இல்லாதபோது பிள்ளையின் கையைப் பிடித்துத் தன் படகுக்கே கூட்டி வந்ததும் உண்டு. நாளடைவில் அந்த மதிலோரத்தில் ஏலம் கேட்க ஆண்களுக்கு வெட்கமாகிவிட்டது. சட்டம் பின்னால் வந்தது, வெட்கம் முன்னால் வந்தது.

உங்கள் ஊரில் ஆலய மதிலோரம் ஏலம் நடக்காமல் இருக்கலாம். ஆனால் 'ராசியில்லாத பிள்ளை' என்று யாரோ ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையசைக்கும் ஒரு வீடு உங்கள் தெருவிலும் இருக்கும். பிறப்பைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, ஜாதகத்தைச் சொல்லி ஒதுக்கிவைத்த ஒரு பிள்ளை அங்கே ஏதோ மூலையில் படுத்திருக்கும். இந்த வாரமே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது, எங்கே படுக்கிறது என்று உரக்கக் கேளுங்கள். பதில் வரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.